ஆளில்லாத ஒரு நிமிடம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டுப் போகலாம். போன வருடம் வரை நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். அதெல்லாம் இதில் கிடையாது. எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. அதுவும் மதுரை வெயிலில், முகம் முழுக்க வியர்வை வழிய.

என் பெயர் பிருந்தா. மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக ஆசிரியை. பிஎச்.டி. முடித்தால்தான் வேலை நிரந்தரமாகும். ஐந்து வருடமாக முடித்துக்கொண்டே இருந்தேன். முடியவில்லை. கல்யாண வீடு, காய்கறிக் கடை, ஷேர் ஆட்டோ என்று எங்கே போனாலும் ஒரே கேள்வி. "இன்னும் முடியலையா?" கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள். மார்ச் மாதம் முடிவதற்குள் தீசிஸ் வரவில்லை என்றால் என் பதிவு ரத்து. ஐந்து வருடமும் வீண்.

என் ஆராய்ச்சி இதுதான். நாலு பேர் பேசுகிற ஒரு பதிவைக் கொடுத்தால், மொத்தம் எத்தனை குரல், எந்த நேரத்தில் எந்தக் குரல் பேசியது என்று கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. அந்த மொழிக்கு இப்படி ஒரு புரோகிராம் யாரும் செய்ததில்லை. அதனால் வீடு வீடாகப் போய் எங்கள் ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். ஒவ்வொரு குரலுக்கும் புரோகிராம் ஒரு எண் கொடுக்கும். கேள்வி கேட்பது நான் என்பதால் என் குரல் மட்டும் 'பிருந்தா' என்றே பதிவாகியிருந்தது.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பேசவைப்பதற்கு முன்னால் அறையை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ரெக்கார்டரை மேஜையில் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். அந்த அறையின் சத்தம் எப்படி இருக்கிறது என்று புரோகிராம் தெரிந்துகொள்வதற்காக. ஆளில்லாத ஒரு நிமிடம்.

இருபத்தொரு குரல் வரை ஒரு சிக்கலும் இல்லை. பிறகு ஆனையூரில். ராதாகிருஷ்ணன் மாமா வீடு. ரிட்டயர்டு பேங்க் கிளார்க். ஃபேனை அணைத்ததும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"எம்புட்டு நேரம்மா இப்படி வேகணும்?"

"ஒரே நிமிஷம் மாமா. வெளிய வந்துருங்க."

வந்தார். கதவைச் சாத்தினேன். அவர் மனைவி கொடுத்த மோரைக் குடித்து முடிப்பதற்குள் நிமிடம் முடிந்தது. பிறகு மாமா முக்கால் மணி நேரம் பேங்க் கதைகள் பேசினார். நல்ல பதிவு.

மறுநாள் லேபில் ஓட்டிப் பார்த்தேன். மாமாவுக்குக் குரல் 22. சரி. என் குரல் 'பிருந்தா'. சரி. ஆனால் அந்த ஆளில்லாத நிமிடத்தில் பூஜ்யம் என்று வர வேண்டிய இடத்தில் ஒன்று என்று வந்திருந்தது.

குரல் 23. புதிய குரல். பெண்.

பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இருந்த அவசரத்தில் பக்கத்து வீட்டு டிவியோடு சண்டை போட நேரமில்லை.

நாலு நாள் கழித்து அவனியாபுரம். நாகமணி அக்கா வீடு. அது ஊரின் அந்தக் கோடி. எதிரே லேத் பட்டறை, தலைக்கு மேலே விமானம். அக்காவை வெளியே உட்காரவைத்து, பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, அந்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்தேன்.

லேபில் ஓட்டினேன்.

ஆளில்லாத நிமிடம். குரல்கள்: 1.

குரல் 23.

அதே எண். ஆனையூரில் வந்த அதே பெண். எனக்கு முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புரோகிராமில் எங்கோ ஓட்டை இருக்கிறது, இந்த நேரத்தில் இது வேறா என்று நொந்துகொண்டேன். ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுவதும் கூட்டி, அந்த நிமிடத்தைக் கேட்டேன்.

முதல் முப்பது விநாடி ஒன்றுமில்லை. காகம் ஒன்று தூரத்தில் கத்தியது. முப்பத்தொன்றாவது விநாடியில் மூச்சு. ரெக்கார்டருக்கு மிகப் பக்கத்தில். பிறகு எங்கள் மொழியில், மெதுவாக...

"இன்னும் முடியலையா?"

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

எங்கள் லேபில் கருத்தக்கண்ணன் என்று ஒரு ஜூனியர் ஸ்காலர். உசிலம்பட்டிப் பக்கம். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை, செக்கச்செவேல் என்று இருப்பான். அவனிடம் சொன்னேன். "ரெக்கார்டர்ல பழசு ஏதாச்சும் தங்கியிருக்கும்க்கா. வீடே இல்லாத எடத்துல வச்சுப் பார்ப்போம்," என்றான். அவன் பைக்கிலேயே கீழக்குயில்குடிக்குப் போனோம். புது ரெக்கார்டர். புது மெமரி கார்டு. சமணர் மலை அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12.20. வெயிலுக்குப் பயந்து ஒரு ஆள் இல்லை. பாறை மேல் ரெக்கார்டரை வைத்துவிட்டு நூறடி தள்ளிப்போய் நின்றோம்.

"மண்டையப் பொளக்குதுக்கா. எடுத்துட்டுப் போயிருவோம்."

"இருடா. ஒரு நிமிஷம் ஆகட்டும்."

அங்கேயே மர நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பில் போட்டோம்.

குரல்கள்: 1.

அவன் என் கையிலிருந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது விநாடி வரை சாதாரணமாக இருந்த முகம் அப்புறம் மாறியது.

"இன்னும் முடியலையான்னு கேக்குதுக்கா."

"உனக்கு எங்க பாஷை தெரியாதேடா?"

"உங்க பாஷையா? தமிழ்ல கேக்குதுக்கா... எங்க ஊருத் தமிழ்ல."

திரும்பி வரும்போது பைக்கை அவன் எங்கேயும் நிறுத்தவில்லை.

என் கைடு மாதங்கி மேடத்திடம் சொன்னேன். பேய் என்று சொல்லவில்லை. ஆளில்லாத இடத்தில் ஒரு குரல் வருகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "இதப் போயித் தீசிஸ்ல எழுதினா கேள்வி கேக்க வர்ற எக்ஸ்டர்னல் உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாரும்மா. இரைச்சல்னு எழுது. அந்தக் குரலைத் தூக்கிரு. மார்ச் வந்துருச்சு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இத்தனை வீட்டுப் பதிவுகள் நன்றாக இருக்கும்போது, இந்த ஒரு குரலுக்காக ஐந்து வருடத்தைத் தூக்கிக் கொடுக்க நான் தயாராக இல்லை. முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி எடுத்து வைத்தேன். சனிக்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரம். லேபில் நான் மட்டும். மணி 1.10.

குரல் 23-ஐ நீக்குவதற்கான கட்டளையைக் கொடுத்தேன். திரையில் கேள்வி வந்தது. நானே எழுதி வைத்த கேள்விதான்.

'நிச்சயமாகவா? ஆம் / இல்லை.'

விரலை 'ஆம்' மேல் வைத்தேன்.

அப்போது கரண்ட் போனது. ஏசி இரைச்சல் நின்றது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது.

லேப் அப்படி அமைதியாகி நான் பார்த்ததே இல்லை.

லேப்டாப்பில் செருகியிருந்த மைக்கைப் பிடுங்க மறந்திருந்தேன். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு. யாராவது பேசினால் மட்டும் அசையும் கோடு.

அது அசைந்தது.

'குரல் 23 பேசுகிறது.'

திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலிகள். மூடிய கதவு.

கோடு மறுபடி அசைந்தது. பெரிதாக. பக்கத்தில் வந்த மாதிரி.

ஹெட்போன் கழுத்தில்தான் கிடந்தது. மாட்டவில்லை. மாட்டாமலே கேட்டது.

"ரொம்பக் கஷ்டப்படுறே... நான் முடிச்சுத் தரவா?"

நாற்காலியில் துள்ளினேன்.

விரல் அழுத்திவிட்டது.

'ஆம்.'

கோடு நின்றது. கரண்ட் வந்தது. ஏசி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்த பையன்கள், "என்னக்கா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எந்தப் பதிவிலும் அது வரவில்லை. மார்ச் 31 மாலை தீசிஸைக் கொடுத்தேன். சரி, தொல்லை விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்டோபரில் வைவா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பிஎச்.டி.யில் கடைசித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் எக்ஸ்டர்னலாக வந்து கேள்வி கேட்பார். பிறகு கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். யாரும் கேட்காவிட்டால் அசிங்கம் என்று நாமே இரண்டு கேள்வியை எழுதி ஜூனியர்களிடம் கொடுத்து வைப்போம். வடையும் காபியும் வாங்கிக் கொடுத்து உட்காரவைப்போம். நானும் கருத்தக்கண்ணனிடம் ஒரு கேள்வி கொடுத்திருந்தேன்.

எனக்கு வந்த எக்ஸ்டர்னல் ஹைதராபாத்காரர். சிரிக்காத மனிதர். ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார்.

"உங்களுக்குத் தெரிந்த குரல்களைப் பிரிக்கிறீர்கள். தெரியாத குரல் வந்தால்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அரை நிமிடம் பார்த்தார். ஃபைலை மூடினார். இன்னும் ஒரு வருடம் வேலை செய்துவிட்டு வரட்டும் என்று மாதங்கி மேடத்திடம் மெல்லச் சொன்னது எனக்கே கேட்டது. பிறகு அவர் முறைக்காகக் கூட்டத்தைப் பார்த்து, யாருக்காவது கேள்வி உண்டா என்றார்.

கருத்தக்கண்ணன் எழுந்து நான் கொடுத்ததைக் கேட்டான். நான் ஏதோ உளறினேன். எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்.

"ஆளில்லாத எடத்துல ஒரு குரல் வருது. அதை நீக்கிட்டா, அது எங்க போகும்?"

எங்கள் மொழியில்.

மண்டபத்தின் கடைசியில் டியூப்லைட் எரியவில்லை. யார் என்று தெரியவில்லை. பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. ஆனால் நான் பேசிக்கொண்டிருந்தேன். தடுமாறாமல், சரளமாக.

"நீக்கினால் அது எங்கேயும் போகாது. பக்கத்தில் இருக்கும் குரலோடு சேர்ந்துகொள்ளும். அதன் பெயரிலேயே பேசும். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று போர்டில் எழுதியும் காட்டினேனாம். எனக்கு ஞாபகமில்லை. எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. கை தட்டினார்கள். எனக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று அவர் அறிவித்தார். நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். மேடையில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன். "முடிஞ்சிருச்சும்மா."

வடை சாப்பிடும்போது எக்ஸ்டர்னல் சொன்னார், பின்னாலிருந்து தெலுங்கில் கேட்ட அந்தப் பெண் யார், நல்ல கேள்வி என்று. மாதங்கி மேடம் அவரை விநோதமாகப் பார்த்தார். "தமிழ்லதானே சார் கேட்டாங்க?"

கருத்தக்கண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் கடைசி வரிசைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே நாற்காலியே போடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வைவாவை வீடியோ எடுத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எனக்கு அனுப்பினார்கள். அந்த ஒலியை எடுத்துப் புரோகிராமில் போட்டேன். கடைசி வரிசைக் கேள்வி: பிருந்தா. பதில்: பிருந்தா. இரண்டும் நான் எப்படி? குழம்பிப்போய், நீக்குவதற்கு முன்னால் எடுத்து வைத்த காப்பியைத் தேடிப்பிடித்து ஓட்டினேன். குரல் 23-ஐ அறிந்த பழைய புரோகிராம்.

எக்ஸ்டர்னலுக்கு முன்னால் வாயடைத்து நின்றது வரை: பிருந்தா.

கருத்தக்கண்ணனுக்கு உளறியது: பிருந்தா.

கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி: பிருந்தா. தொண்ணூற்றேழு சதவீதம் உறுதி.

மேடையிலிருந்து நான் சொன்ன பதில்...

குரல் 23. தொண்ணூற்றொன்பது சதவீதம்.

அதன்பின் சொன்ன நன்றி. குரல் 23.

"முடிஞ்சிருச்சும்மா." குரல் 23.

அதற்குப் பிறகு அந்த வீடியோவில் பிருந்தா என்று ஒரு வரிகூட வரவில்லை.

வேலை நிரந்தரமாகிவிட்டது. எல்லோரும் டாக்டர் பிருந்தா என்கிறார்கள். என் குரலை இன்னொரு தடவை சோதித்துப் பார்க்கச் சொல்கிறான் கருத்தக்கண்ணன். மைக் முன்னால் போய் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் புரோகிராம் தப்பு என்றால், நான் வாங்கிய பட்டம் பொய்.

சரி என்றால்... அன்றைக்கு அம்மாவிடம் பேசியது யார்?