மழை பெய்தது, அக்காவும் வந்தார்

எனது ஊசி மருந்து, கடைக்கார முஸ்லிம் நானாவின் பிரிட்ஜில், யோகட் கோப்பைகளுக்குப் பின்னால், ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்தது. தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயக் காம்பராவில் பிரிட்ஜ் கிடையாது. கரவனெல்லைக்கு மேலே, றப்பர் மலைச் சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நம்பி ஒரு பொருளை ஒப்படைக்கக்கூடிய பிரிட்ஜ் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும் வழியில் கடையில் நிற்பேன். நானா ஒன்றும் கேட்காமல் பெட்டியை நீட்டுவார். வீட்டுக்குக் கொண்டுபோய், பேனா போன்ற அந்த ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கருமுட்டைகளை வளர்க்கும் மருந்து அது. அவை வளர்ந்ததும் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் ஊசியால் உறிஞ்சி எடுத்து, வெளியே கருவாக்கி, மீண்டும் என்னுள் வைப்பார்கள். முதல் முறை ஒரு முட்டைகூட வளரவில்லை. இன்னுமொரு முறை முயல்வோம், அதிலும் கிடைக்காவிட்டால் உங்கள் முட்டையை நம்பிப் பயனில்லை என்று வைத்தியர் நேராகவே சொல்லியிருந்தார்.

முதல் முறை விடயத்தை நானே பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருந்தேன். வெறுங்கையோடு திரும்பிய அன்று லயமே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தது. சாவு வீட்டில் பேசும் குரலில் பேசினார்கள். பாடசாலைக் காலத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை விவாத மேடைகளில் கைதட்டல் வாங்கிப் பழகியவள் நான். அனுதாபம் வாங்க எனக்குத் தெரியாது. ஆகவே இரண்டாம் முறை என் கணவரைத் தவிர ஒருவரும் அறியக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அந்தத் தீர்மானம் அடுத்த காம்பரா அக்காவின் கண்ணில் பட்டு ஆட்டம் கண்டது. அவர் றப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டுமே. ஒரு மாலை கடையில் நான் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னா டீச்சர், எங்க மாமியாருக்குப் போடுற ஊசி மாதிரியே இருக்கு? சீனி வருத்தமா?"

விவாதத்தில் எந்தத் தரப்பைக் கொடுத்தாலும் சில நிமிட ஆயத்தத்தில் அதை உயிரைக் கொடுத்துப் பேச வேண்டும். அதுதான் பயிற்சி. எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு அவகாசம்.

"ஆமாக்கா. சீனிதான்."

அன்றிலிருந்து பாகற்காய் வந்தது. பொரித்தும் வந்தது, கறியாகவும் வந்தது, பச்சையாக அரைத்த சாறாகவும் வந்தது. கோயில் பொங்கலில் என் இலைக்கு வந்த கரண்டியை அக்கா குறுக்கே கை நீட்டித் தடுத்தார். நானும் என் தரப்பைக் கைவிடவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் பெண்கள் கூடியபோது நீரிழிவின் கொடுமை பற்றி நான் ஆற்றிய உரையைக் கேட்டு இருவர் இரத்தம் சோதிக்கப் போனார்கள். வந்த பாகற்காய் முழுவதையும் என் கணவர் தின்றார். "இதுக்கு நானே ஊசி போட்டுக்கிறேன், டீச்சர்" என்றார் ஒருநாள், கண் கலங்க.

ஸ்கேனில் முட்டைப் பைகள் சில தெரிந்தன. உள்ளே முட்டை இருக்கிறதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். நாள் குறிக்கப்பட்டது. எங்கள் திட்டத்தில் ஓட்டையே இல்லை. விடியும்போது லயம் முழுவதும் வாளியும் கத்தியுமாக மலைக்குப் போய்விடும். நானும் கணவரும் அவருடைய ஆட்டோவில் நழுவிவிடலாம்.

மழை பெய்தது. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. நான் கதவைத் திறந்தபோது அக்கா குடையும் பிளாஸ்க்குமாக வாசலில் நின்றார்.

"காலங்காத்தால எங்க?"

"கொழும்புக்குக்கா. கிளினிக்."

"சீனிக்கா? அப்ப தனியாவா போவீங்க? மயங்கி விழுந்தா தம்பி ஆட்டோவப் புடிப்பாரா, ஒங்களப் புடிப்பாரா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ எதிரணிகளை வாயடைக்க வைத்த நான் குடையை வாங்கி மடித்து வைத்தேன்.

வைத்தியசாலையில் என் கணவரை அவருடைய பங்கைத் தருவதற்காக வேறோர் அறைக்கு அழைத்துப் போனார்கள். நான் பச்சை உடுப்பு மாற்றிக்கொண்டேன். நகை எதுவும் இருக்கக் கூடாது என்று தாதி சொன்னார். தாலிக்கொடியை வாங்கிக்கொள்ள, கூட வந்தவர் என்ற முறையில் அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா கட்டிலைப் பார்த்தார், என் கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பார்த்தார், பதறிப்போனார்.

"மிஸ்! அபே டீச்சர்ட்ட சீனி தியெனவா!" எங்கள் டீச்சருக்குச் சீனி வருத்தம் என்று சிங்களத்தில் தொடங்கி, பதற்றத்தில் தமிழுக்கு மாறினார். "ராத்திரியிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல!"

சிங்களத்தில் சொன்ன பாதியே போதுமாக இருந்தது. தாதி என் மருத்துவக் கோப்பைப் புரட்டினார். மயக்க மருந்து வைத்தியர் வந்தார். நீரிழிவு இருப்பதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். முட்டைகளை முதிர வைக்கும் கடைசி ஊசி போட்டாயிற்று. நேரம் பிசகினால் அவை தாமாகவே வெளியேறிவிடும்.

"இல்ல டொக்டர், எனக்குச் சீனியே இல்ல."

"பொய் சொல்றாங்க மிஸ்! வெக்கப்படுறாங்க. ஊசிய என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

வாரக்கணக்கில் நான் கட்டியெழுப்பிய வாதம், கண்கண்ட சாட்சியோடு, எனக்கே எதிரில் நின்றது. அதை உடைக்க ஒரே வழிதான் இருந்தது.

"அக்கா, அது புள்ளைக்காகப் போட்ட ஊசி. முட்ட எடுக்கத்தான் இன்னைக்கி வந்திருக்கேன். போன தரம் மாதிரி ஆயிருமோன்னுதான் சொல்லல."

முன்னுரையும் தொகுப்புரையும் இல்லாமல் நான் ஆற்றிய ஒரே பேச்சு அது. அக்கா என்னையே பார்த்தார்.

"அப்ப எம் பாவக்கா?"

"அவரு தின்னாரு."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"ஐயோ பாவம் தம்பி!" தாலிக்கொடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தமிழ் விளங்காத தாதியும் சேர்ந்து சிரித்தார். வைத்தியர் மட்டும் சிரிக்காமல் என் விரலில் குத்தி இரத்தத்தைப் பார்த்து, "நல்ல சுகம்" என்று தலையாட்டினார்.

சத்திரசிகிச்சை அறைக்குள் அவர் என் தொழிலை விசாரித்தார். ஆசிரியை, விவாதி என்றேன். அப்படியென்றால் ஏதாவது பேசுங்கள் என்றபடி மருந்தை ஏற்றினார். முழு முன்னுரையையும் முடித்துவிட்டுத்தான் தூங்குவது என்ற உறுதியோடு ஆரம்பித்தேன். "நடுவர் அவர்களே, எதிரணியினர் இங்கே முன்வைத்த..."

"...கருத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்" என்று முடித்தபோது கூரை வேறாக இருந்தது. அடிவயிற்றில் மாதவிடாய் நாளின் வலி. தாதி என் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "ஹரி ஹரி, ஒயா தமய் தின்னே" என்றார். சரி சரி, நீங்கள்தான் வென்றீர்கள். எதில் வென்றேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

வைத்தியர் வருவதற்குள் என் கணவரும் அக்காவும் கட்டிலின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். கணவர் என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. வைத்தியர் திரைச்சீலையை விலக்கி, "ஐந்து" என்றார்.

மூவரில் முதலில் பேச்சு வந்தது அக்காவுக்குத்தான். "எங்க கோழியே ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடும் டீச்சர். நீங்க ஒரேயடியா அஞ்சு!"

சிரித்தால் வயிறு வலித்தது. வலித்தாலும் சிரித்தேன். அக்கா பிளாஸ்க்கைத் திறந்து, எனக்கென்று சீனி போடாமல் கொண்டுவந்த தேத்தண்ணியை முகர்ந்து பார்த்துவிட்டு, கன்டீனுக்கு ஓடிப்போய்ச் சீனி வாங்கி வந்து கலக்கினார். அதைவிட இனிப்பான ஒன்றை நான் குடித்ததில்லை.

திரும்பும் வழியில், ஒவ்வொரு குழிக்கும் என் கணவர் ஆட்டோவை மெதுவாக்க, அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். "லயத்துல நீங்க வாயத் தொறக்க வேணாம். அத நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

மறுநாள் தொலைபேசி வந்தது. ஐந்தில் மூன்று கருவாகியிருந்தன. இனி அவை வளர வேண்டும், கருப்பையில் ஒட்ட வேண்டும்; பாதை நீளம். ஆனாலும் அந்த மூன்றும் என்னுடையவை. பலகைச் சுவரைத் தட்டி மெல்லச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

சற்று நேரத்தில் பீலியடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "டீச்சருக்குச் சீனி நல்லாக் கொறஞ்சிருச்சு! எல்லாம் எம் பாவக்காயாலதான்!" தயக்கமில்லை, தடுமாற்றமில்லை, ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. என் அணியில் இப்படியொரு பேச்சாளர் ஒருபோதும் இருந்ததில்லை.

பேச்சுக்கு ஆதாரமாக மாலையில் மேலும் ஒரு கிண்ணம் பாகற்காய் வந்தது, எல்லோரும் பார்க்க. என் கணவர் கையை நீட்டினார். நான் கிண்ணத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு முழுவதையும் தின்றேன்.