ஐந்தாம் மாடிக்குப் போன மூட்டை

மும்பை செம்பூரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியின் கேட்டுக்குப் பக்கத்தில், சுவரோரம் மேசை போட்டு இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறேன். வீடு தாராவியில். காலையில் ஒவ்வொரு மாடியாகப் போய்த் துணி வாங்க வேண்டும். சாயங்காலம் தேய்த்ததைப் போர்வையில் மூட்டை கட்டி மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்குப் பேச வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, பேச்சு அதற்கும் முன்னால் நின்றுவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

போன வருடம் மழைக்கு முன்னால் லிஃப்டைப் புதிதாக மாற்றினார்கள். உள்ளே கண்ணாடி, மின்விசிறி எல்லாம் வைத்தார்கள். மறுநாளே கதவுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டினார்கள். வாட்ச்மேன் வாசித்துச் சொன்னான். வீட்டு வேலை செய்கிறவர்கள், பால்காரர், இஸ்திரிக்காரர், டெலிவரி ஆட்கள் யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது. அந்த வாரம் மூன்றாம் மாடிக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. அதை லிஃப்டுக்குள் நிறுத்திப் பொத்தானை அழுத்திவிட்டு, தூக்கி வந்த இரண்டு பேரும் மேலே போய் அதை வாங்குவதற்குப் படியில் ஓடினார்கள். வாட்ச்மேன் சிரித்தான். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல்தான் முதல் கோபம் வருகிறது.

எங்கள் சந்தில் குடியிருக்கும் பெண் ஒருத்தி அங்கே ஏழாம் மாடியில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். ஒரு வீட்டுக்குக் காலையில், இன்னொன்றுக்கு மத்தியானம். அவளுக்கு வலது முழங்கால் நீர் கோத்து வீங்கியிருந்தது. தாள் ஒட்டிய நான்காம் நாள், பாதிப் படியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, ஏழு மாடி ஏறிட்டா தரை தொடைக்கக் குனிய முடியல. வேற ஆளு பாத்துருவோம்னு ரெண்டு வீட்டுலயும் சொல்லுதாவ. இந்த ரெண்டும் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

சொசைட்டி செக்ரட்டரியிடம் போய்க் கேட்டாள். லிஃப்டுக்குள் வியர்வை நாற்றம் நிற்கிறதாம். உள்ளேயிருந்தே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வியர்வை யாருடைய தரையைத் துடைத்து வந்தது?

அன்று சாயங்காலம் என் மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நின்றோம். பால்காரரும் தாராவிதான், வாய்க்காரர்.

“நாளையில இருந்து ஒருத்தரும் மேல போவாண்டாம். பாலும் கேட்டோட, துணியும் கேட்டோட. பாத்திரம் தொலக்கணும்னா கீழ கொண்டாரச் சொல்லு, இங்கனயே தொலக்கிக் குடுப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நீரு என்ன சொல்லுதீரு?” என்று என் பக்கம் திரும்பினார். தலையாட்டினேன். “வாயத் தொறந்து சொல்லும்வே.”

“சரி” என்றேன்.

புறக்கணிப்பு என்று பேப்பரில் வாசித்திருக்கிறேன். பெரிய ஆட்கள் கூட்டத்தைப் புறக்கணித்து வெளியே வருவார்கள், காரில் ஏறி வீட்டுக்குப் போவார்கள், வீட்டில் சோறு இருக்கும். எங்களுக்கு அது முதலில் எங்கள் அடுப்பில்தான் விழும். ஆனாலும் அந்த ஏழு மாடிக்கும் தேவையாக எங்களிடம் இருந்தது நாங்கள் மேலே வருவது ஒன்றுதான். அதை நிறுத்தினோம்.

ஆறாம் நாள் ஐந்தாம் மாடி மாமி போன் செய்தாள். பாலக்காட்டுக் குடும்பம். அந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழில் பேசும் ஒரே வீடு.

“தங்கை பொண்ணுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம்ப்பா. பட்டுப்புடவை மூணும் உன்கிட்டன்னா இருக்கு. கேட்டுல வெச்சா மழையில நனைஞ்சுடும். நீ நம்ம மனுஷன், அவாளோட சேர்ந்துண்டு நீயும் இப்படிப் பண்ணலாமோ?”

நம்ம மனுஷன் என்றதில் விழுந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டு வாசலைத் தாண்டி ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. லிஃப்டைத் தொடவில்லையே, படியில்தானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஐந்து மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, தாளை எடுப்பதா வேண்டாமா என்று பேச, காம்பவுண்டுக்குள் நாற்காலி போட்டு சொசைட்டி மீட்டிங் நடந்தது. மேசையிலிருந்தே எனக்குக் கேட்டது. செக்ரட்டரி இந்தியில் சொன்னார்: “இஸ்திரிக்காரன் படியில் ஏறித் துணி கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் என்ன வந்தது?” முன்வரிசையில் இருந்த மாமி, ஆமாம், ரொம்ப நல்லவன் என்றாள். என்னைப் பாராட்டினாள்! தாள் இருக்கட்டும் என்று முடிவானது. நான் வாயை மூடிக்கொண்டு ஏறியதை எடுத்து அந்தப் பெண்ணின் முழங்காலில் அடித்தார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு காலர் கருகும்வரை அப்படியே நின்றேன்.

மறுநாள் காலையில் பால்காரர் வண்டியை நிறுத்தினார். “ஒமக்கு வாய்தான் பேசாதுன்னு நெனச்சோம். காலு நல்லாப் பேசிருக்கே ஓய்.”

அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். “நீங்க ஏறிட்டீங்க. இனி நான் எதச் சொல்லி நிப்பேன், அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டுப் படிப் பக்கம் நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமியின் போன் வந்தது. துணியை மேலே கொண்டுவரச் சொன்னாள்.

“மேல வரமாட்டேம்மா. கீழ வந்து வாங்கிக்கங்க.”

“யார் சொல்லிக் குடுத்தா நோக்கு?”

“யாரும் சொல்லலம்மா. ஏழாம் மாடிக்குப் போறவளுக்குக் காலு வீங்கியிருக்கு.”

“அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“மீட்டிங்ல என்னையப் பத்திச் சொன்னீங்கள்லா? அவளப் பத்தியும் சொல்லுங்க.”

அந்தக் கட்டடத்தில் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். மாமி லிஃப்டில் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரத்திலிருந்து அந்த வீட்டுத் துணி வேறு ஆளிடம் போகிறது. போகட்டும்.

பால்காரரிடம் போய், இனி ஏறமாட்டேன் என்று நானாகச் சொன்னேன். அவர் திட்டி முடிக்கும்வரை நின்றேன். அந்தப் பெண்ணும் மறுநாள் ஏறவில்லை. அடுத்துப் பதின்மூன்று நாள் யாரும் மேலே போகவில்லை. பாத்திரம் குவிந்த ஏழாம் மாடிக்காரி ஒருத்தி செக்ரட்டரி வீட்டு வாசலில் நின்று கத்தினாள். பதினான்காம் நாள் காலையில் தாள் இல்லை. யார் கிழித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பாவம் பார்த்து லிஃப்டில் விட்டோம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். பாவமா பார்த்தார்கள்?

அந்தப் பெண் இப்போது லிஃப்டில்தான் போகிறாள். ஒரு வீட்டுக்கு மட்டும். நாங்கள் மேலே போகாமல் நின்ற நாட்களிலேயே இன்னொரு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பட்டுப்புடவை மேலே போகாமல் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே விஷயம் முடிந்திருக்கும், இரண்டு வீடும் நின்றிருக்கும் என்கிறார் பால்காரர். அப்படியெல்லாம் இல்லை அண்ணாச்சி என்று அவள் சொல்கிறாள். பால்காரர் சொல்வதுதான் சரி.