நான்காவது மூலை

மூன்று மூலைகள் உட்கார்ந்துவிட்டன. நான்காவதை இழுத்தால் முதலாவது கழன்றுகொள்கிறது. இன்று காலை ஆம்பூரில், மகளின் புகுந்த வீட்டில், மரத்தொட்டில் மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். மகள் இரண்டாவது குழந்தையோடு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். மெத்தையை வெட்டி, உறையைத் தைத்தவர் என் சம்பந்தி, அவளுடைய மாமனார். போன மார்கழியில் காலமாகிவிட்டார். உயிரோடிருப்பவர்மேல் பொறாமைப்பட்டால் என்றைக்காவது அவர் சறுக்குவார் என்று காத்திருக்கலாம். இவர் இனிமேல் சறுக்கப்போவதில்லை. எனக்குப் போட்டியாளர்கள் இப்படித்தான் அமைகிறார்கள்.

இருவருமே தோலை நம்பிப் பிழைத்தவர்கள். நான் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் முப்பது வருஷம் தோல் தரம் பிரித்தவன். கட்டைவிரலால் அழுத்தி, மிருதுவைப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று அடுக்குவது வேலை. மீதி நேரத்தில் புத்தகம் படித்தேன். அதனால் தெரியாத விஷயங்களைப் பற்றியும் நன்றாகப் பேச வரும். சம்பந்தி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவு ஃபோர்மன். கால் வடிவ அச்சின் மேல் தோலை இழுத்து, சுருக்கமே இல்லாமல் அடியில் மடித்து ஒட்டுகிற பிரிவு அது. அதிகம் பேசமாட்டார். அதையே எல்லோரும் அறிவு என்று எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உடன்பாடில்லை.

நான்கு வருஷங்களுக்கு முன் மகளுக்குத் தலைப்பிரசவம். அது தாய்வீட்டின் உரிமை. ஆகவே தொட்டிலும் படுக்கையும் என் இலாகா. இலவம்பஞ்சு மெத்தை, அதன்மேல் எங்கள் டேனரியில் ரோமத்தோடு பதனிட்ட செம்மறியாட்டுத் தோல், தலைக்குக் கடுகுத் தலையணை, குழந்தை கம்பியில் இடித்துக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் திண்டு. தோலை நானே பொறுக்கினேன். கட்டைவிரலை வைத்தால் முதல் கணு வரை காணாமல் போகும். அப்படியொரு தோலை முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வராதவர்களுக்கு ஃபோனில் சொன்னேன்.

குழந்தை பேரணாம்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் சம்பந்தி பஸ்ஸில் வந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு மெத்தை, பலகை மாதிரி. என் தொட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முஷ்டியை ஆட்டுத்தோலில் அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

“புள்ள கவுந்துச்சின்னா மூக்கு இந்தப் பள்ளத்துலதான் போவும் சம்பந்தி. மூச்சு வுட எடம் வாணாமா?”

தன் மெத்தையிலும் அழுத்தினார். பள்ளம் விழவில்லை. தொட்டிலில் இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு அதை இறக்கினார். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவில்லை. உறையை நான்கு மூலையிலும் இழுத்து அடியில் மடித்தார். “ஃபோம் வாட போவட்டும்னு ஒரு வாரம் மாடியில காத்தாட வச்சேன். மல்லாக்கப் படுக்க வைங்க. உள்ள வேற ஒண்ணும் வாணாம்.”

“ஜெயில்லகூட ஒரு போர்வ குடுப்பாங்க” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

தொட்டில் அளவு இவருக்கு எப்படித் தெரியும்? மகள்தான் அளந்து அனுப்பியிருக்கிறாள். குழந்தையை எப்படிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதையும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்ககிட்ட சொன்னா கத சொல்லுவீங்கப்பா. மாமாகிட்ட சொன்னா செஞ்சி எடுத்துன்னு வருவாரு.”

“அவ சொல்றதுல இன்னா தப்பு?” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடியவன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நம்பிக்கை ஆம்பூருக்குக் குடிபோய்விட்டது.

அவர் போன மூன்றாம் நாள், மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஆட்டுத்தோலை மெத்தைமேல் விரித்துக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கன்னம் பாதி ரோமத்துக்குள் புதைந்தது. என்ன அழகு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தலை இன்னும் கொஞ்சம் திரும்பியது; மூக்கு தெரியவில்லை. நான் அப்போதும் அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் எச்சில் கையோடு ஓடிவந்து தூக்கினாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. மேலுதட்டில் ஒரு ரோமம் ஒட்டியிருந்தது. அதை ஊதித் தள்ளினாள். கத்தவில்லை.

“யார ஜெயிக்கணும்பா உங்களுக்கு?” என்றாள். ஆட்டுத்தோலை எடுத்துச் சுருட்டினேன்.

அடுத்த வாரம் சம்பந்தி வந்தார். அவள் சொல்லியிருப்பாள். அவரோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “அந்தத் தோல எனக்குக் குடுங்க சம்பந்தி. அஸ்லி மாலு, அசல் சரக்கு. சேர்ல போட்டா இடுப்புக்கு எதமா இருக்கும்” என்று கேட்டு வாங்கி, அதே கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பிறகு மகள் புகுந்த வீட்டுக்குத் திரும்பியபோது தொட்டிலும் அவர் மெத்தையோடு ஆம்பூருக்குப் போனது.

இன்று மதியம் கார் வந்து நின்றபோதும் நான்காவது மூலையில் ஒரு சுருக்கம் இருந்தது. மகள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். “மாமா போட்டா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

“இன்னொரு வாட்டி இழுங்கப்பா. நான் வெயிட் பண்றேன்.”

முழுவதும் கழற்றி மறுபடி மாட்டினேன். மூன்றாம் தடவை நின்றது. முஷ்டியால் அழுத்திக் காட்டினேன். குழந்தையை மல்லாக்கக் கிடத்தினாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஜன்னலோரம் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஆட்டுத்தோல் இன்னும் அதில்தான் கிடக்கிறது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ரோமம் படிந்து, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. நான் பொறுக்கிய முதல் தரம். இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தேன்; அந்தப் பள்ளம் எனக்குப் பொருந்தவில்லை. அங்கிருந்து பார்த்தால் தொட்டிலின் நான்காவது மூலை நேராகத் தெரிகிறது. இங்கே உட்கார்ந்துதான் அதைக் கண்காணித்திருப்பார் போல.

சுருக்கம் இல்லை. ஆனாலும் எழுந்துபோய் இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.