கைகள் விடாத வேலை

சுங்குவார்சத்திரத்தில் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றில் காப்பாளராக இருக்கிறேன். சமூகப் பணியில் முதுகலை படித்தவள் என்பதால், அறைச் சாவிகளைப் பார்த்துக்கொள்வதோடு என் கடமை முடிந்துவிடுவதாக என்னால் நினைக்க முடிவதில்லை. ஞாயிறு மாலைகளில் உணவுக்கூடத்து மேசைகளை ஒதுக்கிவிட்டு, வேலை மாற விரும்பும் பெண்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். புதிய வேலைக்கான கடிதம் கைக்கு வரும்முன் பழைய வேலையை விடாதீர்கள். விடுவிப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘சும்மா லைன்ல நின்னேன்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எதைப் பொருத்தினீர்கள், எந்தக் குறையைக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். இவையெல்லாம் யாரும் சொல்லக்கூடியவை. கைகளைப் பற்றி நான் சொல்வதை மட்டும் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதை முதலில் பார்த்தது ஒரு நண்பகலில். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் உறங்கும் அறை அது. ஜன்னல்களில் போர்வைகளைக் கட்டியிருந்ததால் வெயில் நீலமாகக் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர் லாரி வந்திருப்பதைச் சொல்லப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் இடக்கை எழுந்து, இல்லாத எதையோ எடுத்தது. வலக்கை அதன் மேலிருந்து மெல்லிய ஒன்றை உரித்தது. இரண்டு கட்டைவிரல்களும் சேர்ந்து அழுத்தின. பிறகு அதை வலப்புறம் தள்ளின. சற்றே ஓய்வு. மீண்டும் இடக்கை எழுந்தது. அடுத்த கட்டிலில் வேறொருத்தியின் மணிக்கட்டு சுழன்றது. அதற்கடுத்த கட்டிலிலும் விரல்கள் அசைந்தன. யாருடைய மூச்சும் மாறவில்லை. எல்லோருடைய கண்களும் மூடியிருந்தன. ஆனாலும் ஒருத்தி தள்ளி முடித்த பிறகே அடுத்தவள் தொடங்கினாள்.

சமையலுக்கு வரும் உள்ளூர் அம்மாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், இப்பதான் பாக்கறியா? தூங்கச்சொல்லோ கூட வேல செஞ்சுகினு கீதுங்க. இதுக்கு ஓ.டி. போடுவானா அந்த சூப்ரவைசரு?”

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் கதவை மிக மெதுவாகச் சாத்தியவரும் அவர்தான்.

கை எழுந்த அந்த முதல் பெண் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. செல்பேசித் தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணி. அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடியவிருந்தது. அது முடிந்தால் விடுதிக் கட்டிலும் அவளுக்கு இல்லை. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவளைக் கேட்காமலே ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள். “பஸ்ஸ விட்டு எறங்குனா நேரா மணவறைதான்க்கா” என்பாள்.

படப்பையில், பல கிளைகள் உள்ள ஒரு மருந்துக்கடைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. என் அறையில் அவளை உட்காரவைத்து நேர்காணலுக்குப் பழக்கினேன். நன்றாகப் பேசினாள். ஆனால் பேச்சு சரளமான கணத்தில் இடக்கை எழுந்தது.

“கையக் கீழ வை.”

“எந்தக் கைய அக்கா?”

அவள் உண்மையாகவே அறிந்திருக்கவில்லை. செல்பேசியில் படம்பிடித்துக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

“இது நா இல்லக்கா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நா இங்க பேசுதேன். அது பாட்டுக்கு அங்க நின்னு வேல பாக்கு” என்றாள்.

எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். நீண்ட ஓய்வு வேண்டும் என்றார். ஓய்வுக்கு அவளிடம் நாள் இல்லை. ஒரு கோளாறை மறைக்கக் கற்றுக்கொடுப்பது சரியா என்று யோசித்தேன். மறைக்காவிட்டால் நேரக்கூடியதையும் யோசித்தேன். கடைசியில், “மடியில் கைப்பையை வைத்துக்கொள், இரண்டு கைகளாலும் அதன் வாரை விடாமல் பிடித்துக்கொள்” என்றேன். பயிற்சியில் அது பலித்தது.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். ஆனால் மருந்துக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு என்பதை மறந்துவிட்டேன்: கவுண்ட்டரைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் பை கொண்டுபோகக் கூடாது. அவள் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சென்று உட்கார்ந்தாள். நான் எடை பார்க்கும் இயந்திரத்துக்கு அருகிலிருந்த பெஞ்சில் அமர்ந்தேன். அவர்கள் பேசியது கேட்கவில்லை. எதிரெதிரே இருந்த இருவரும் தெளிவாகத் தெரிந்தார்கள். மேலாளர் உள்ளூர்க்காரர், கண்ணாடி அணிந்தவர், சாந்தமான முகம். அவர் கேட்க, அவள் சொல்ல, தலையசைத்துக்கொண்டிருந்தார்.

மேசையின் மேல் அவளுடைய இடக்கை எழுந்தது. எடுத்தது. வலக்கை உரித்தது. கட்டைவிரல்கள் அழுத்தின, வலப்புறம் தள்ளின.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்து நின்றேன். மேலாளர் அவள் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய இடக்கை மேசை மேல் நகர்ந்து வந்தது. அவள் தள்ளியதை வாங்கிக்கொண்டது. வலக்கை எதையோ பற்றியதுபோலக் குவிந்து, மணிக்கட்டு திருகியது, மறுபடி, மறுபடி. பிறகு அதை ஓரமாக அனுப்பிவிட்டு, அந்தக் கை திறந்தபடி அடுத்ததற்காகக் காத்திருந்தது. அவள் அடுத்ததைத் தள்ளினாள். மேலே இரண்டு முகங்கள் காய்ச்சல் மாத்திரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. கீழே நான்கு கைகளுக்கு இடையில் ஒரு லைன் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நிற்பதைக் கண்ட மேலாளர், என் பார்வை போன இடத்தைத் தானும் பார்த்தார். அவர் கைகள் அந்தரத்தில் நின்றன. அவளும் குனிந்து பார்த்தாள். அவர் எழுந்து கதவைத் திறந்து, “நீங்களும் உள்ள வாங்க மேடம்” என்றார்.

“லைன்ல எந்த ஸ்டேஷன்மா நீ?” என்று அவளிடம் கேட்டார்.

“ஃபிலிம உரிச்சிட்டு கவர அழுத்துறது சார்.”

“நானு ஸ்க்ரூ முடுக்கறது. ஒரகடத்துல ஒரு கம்பெனில.”

“எப்ப சார் விட்டீய?”

“என் பொண்ணு பொறக்கறதுக்கு மின்னாடியே வுட்டுட்டேன். அது இப்ப ஸ்கூலுக்குப் போவுது.” கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். “நின்னுபோச்சுன்னுதான் நெனச்சுகினு இருந்தேன்.”

பின்னர் அவரே, “மருந்துப் பேரெல்லாம் கரெக்டா படிக்கிற. ஆளுங்க கிட்டயும் பொறுமையா பேசுவ போலத் தெரியுது. வேல உனக்குத்தான். நாளைக்கே வந்துடு” என்றார்.

சரியென்று சொல் என்பதற்காக அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் அசையவில்லை.

“சார், இந்தக் கடை வேண்டாம். உங்களுக்கு வேற கிளை இருக்குல்லா? அங்க போடுங்க.”

நியமனக் கடிதம் கைக்கு வரும்முன் நிபந்தனை பேசாதீர்கள் என்பதும் என் வகுப்பில் நான் சொல்வதுதான். அவளுக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மேலாளர் தலையசைத்து என்னைத் தடுத்தார்.

“நானே சொல்லணும்னு இருந்தேன்மா. ரெண்டு பேரும் ஒரே கவுண்ட்டர்ல நின்னா இது ஓடிக்கினே இருக்கும்.” கொஞ்சம் யோசித்தார். “சேரப்பணஞ்சேரி கடையில ஒரு எடம் காலியா கீது.”

“அங்க எங்கூட நிக்கது யாரு சார்?”

“ஒரு பொண்ணு. பால்வாடில புள்ளைங்கள பாத்துக்கினு இருந்துச்சு.”

“கம்பெனில வேல பாத்ததே இல்லியா?”

“இல்ல.”

“நல்லாத் தெரியுமா சார்?”

அவர் கவுண்ட்டருக்குப் போய்த் தொலைபேசியில் அந்தக் கிளையை அழைத்தார். அந்தப் பெண்ணையே கேட்டார். கேட்டதை எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லையாம்.

அதன் பிறகுதான் அவள் சரி என்றாள். கைகளைப் பற்றி இப்போது என் வகுப்பில் நான் சொல்வது அதுதான்: பக்கத்தில் நிற்கப்போகிறவர் லைனில் நின்றவரா என்று முதலில் கேளுங்கள்.