வீடியோ காலில் பற்றவைத்த அடுப்பு

அண்ணன் குடும்பம் இன்று ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போயிருக்கிறது. என்னுடைய கேஸ் பார்பெக்யூ அடுப்பும், சிவாஜிநகர் சந்தையில் வாங்கி நான் மசாலா தடவிக் கொடுத்த மூன்று கிலோ கோழியும் கூடப் போயின.

நான் போகவில்லை. "கார்ல எடமில்ல செல்வி, தப்பா நெனச்சிக்காத" என்றார் அண்ணி. அண்ணியின் தங்கைக்கு இடம் இருந்தது.

மதியம் அண்ணன் வீடியோ காலில் வந்தான். அடுப்பு பற்றவில்லையாம்.

"மூடியத் தொறந்து வை அண்ணா. சிலிண்டர நல்லா திருகு. இப்ப பட்டன அழுத்து."

நீல நெருப்பு வந்ததும் கைதட்டினார்கள். அண்ணன் போனை அணைக்காமலே புல்லில் வைத்துவிட்டான். கோழி எப்படி வந்தது என்று கேட்க ஆசை. நானும் அழைப்பைத் துண்டிக்காமல், பாத்திரம் கழுவிக்கொண்டே காத்திருந்தேன்.

"செம டேஸ்ட்! செல்வியையும் கூட்டினு வந்திருக்கலாம்ல?" என்றாள் அந்தத் தங்கை.

"ஐயோ வேணாம். புருஷன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து எங்க போனாலும் எழவு வீட்டு மூஞ்சிதான். சமைக்கத்தான் லாயக்கு" என்றார் அண்ணி.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

"எலும்பு பக்கம் வெந்திருக்கான்னு பாத்து சாப்பிடுங்க அண்ணி" என்றேன்.

சிரிப்பு நின்றது. அண்ணன் போனை எடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

"செல்வி, இந்த அடுப்ப எப்டி ஆஃப் பண்றது?"

பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?