அக்காவுக்கு மட்டும் கிடைத்த மடி

இதைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். பரவாயில்லை, துப்புங்கள். அக்கா அடி வாங்கிய ஒவ்வொரு முறையும் எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஓசூரில் ஒரே அறையில் இருக்கிறோம், ஒரே கம்பெனிக்குப் போகிறோம். அவளிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை.

அடித்தவர் எங்கள் அப்பா. கடத்தூர்ப் பக்கம் ரோட்டோரப் புளிய மரங்களை ஏலத்தில் எடுத்து, காயை உலுக்கி, வீட்டில் வைத்துக் கொட்டை எடுத்து மண்டிக்குப் போடுவது அவர் தொழில். ஊருக்குத் தங்கமான மனுஷன். வீட்டுக்குள் வந்தால் அக்காவைக் கண்டாலே ஆகாது. எதற்கென்று எனக்கும் தெரியாது. சோறு குழைந்தால் அடி, சிரித்தால் அடி, பதில் சொல்லாவிட்டால் அடி, சொல்லிவிட்டால் இன்னும் இரண்டு. புளியம் விளாறுக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? என்மேல் மட்டும் அவர் ஒரு விரலைக்கூட வைத்ததில்லை.

அடித்து முடித்ததும் வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அம்மா அக்காவைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய் மடியில் படுக்க வைப்பாள். அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, முந்தானையால் மூடி, குனிந்துகொள்வாள். கதவருகில் நிற்கும் எனக்கு அம்மாவின் முதுகுதான் தெரியும். அந்த முதுகு முன்னும் பின்னுமாக ஆடும். எனக்கு நினைவு தெரிந்து அம்மா என்னை அப்படி வைத்துக்கொண்டதே இல்லை. கிட்டே போனால் விரட்டுவாள்.

"உனக்கென்னாடி? உன்ன யாராச்சும் தொட்டாங்களா? போ அந்தாண்ட."

உண்மைதான், என்னை யாரும் தொடவில்லை. அதுதான் என் குறையே.

ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய செல்போன் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் எங்களிடமே இருந்தது. அதில் அக்கா ஒரு ஜப்பான்காரர் படக்கதையைக் கண்டுபிடித்தாள். மங்கா என்று சொல்வார்களாம். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு வீடு, அக்கா, தங்கச்சி, கண்ணே வரையாமல் விட்ட ஒரு அப்பா. அப்பா வெளியில் போன நேரங்களில் புளிக் கூடைமேல் செல்லைச் சாய்த்து வைத்து, கொட்டை எடுத்துக்கொண்டே படிப்போம். விரலெல்லாம் புளி என்பதால் அக்கா முழங்கையால் பக்கத்தைத் தள்ளுவாள். இங்கிலீஷ் பாதி புரியும், மீதியைப் படம் சொல்லும்.

அதில் ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம், ஒரே வரிசையில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அந்த அப்பா அக்காவை அறைகிறார். அடுத்ததில் அக்கா கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் தங்கச்சியின் காலடியில் ஒரு பீங்கான் கிண்ணம் சுக்குநூறாகக் கிடக்கிறது. அக்காவை அடித்த கோபத்தில் தங்கச்சி கிண்ணத்தைப் போட்டு உடைத்துவிட்டாள் என்று இரண்டு பேரும் புரிந்துகொண்டோம்.

"தங்கச்சிதான்டி கெத்து" என்றாள் அக்கா.

எனக்கு அன்றைக்குத்தான் யோசனை வந்தது. நானும் எதையாவது கெடுக்க வேண்டும். அடி வாங்க வேண்டும். அம்மா மடி எனக்கும் கிடைக்கும்.

கொட்டை எடுத்த புளியில் கொட்டை இருந்தால் மண்டிக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பாவுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. அதனால் எங்கள் இருவருக்கும் தனித்தனிச் சாக்கு, யார் வேலை எப்படி என்று பார்க்க. என் சாக்கின் புளிக்கு நடுவில் ஒரு கை கொட்டையை அள்ளித் திணித்து அமுக்கினேன். சாயங்காலம் அப்பா வந்து கையை விட்டுப் பார்த்தார். கை நிறையக் கொட்டை வந்தது.

"இது யாரு சாக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"என்னுதுப்பா. வெயில் வந்துச்சுன்னு எடம் மாறி உக்காந்தோம்."

அவ்வளவுதான். அந்த அடியும் அவளுக்கே போயிற்று, மடியும் அவளுக்கே போயிற்று. நான் கதவைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதேன். அக்காவுக்காக அழுகிறேன் என்று அம்மா நினைத்திருப்பாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, வயிறு எரிந்து அழுதேன்.

"எதுக்குடி உன்னுதுன்னு சொன்ன?" என்று பிறகு அவளிடம் சண்டைக்குப் போனேன்.

"உனக்குத் தாங்காது, போடி" என்றாள். பெரிய இவள்! நாலு நாள் அவளோடு பேசவில்லை.

ஐந்தாவது நாள் அவளே செல்லை நீட்டினாள். "ஏய், நாம தப்பா படிச்சிருக்கோம்டி. இத வலது பக்கத்துலேர்ந்து படிக்கணுமாம்."

அந்தப் பக்கத்தையே காட்டினாள். வலமிருந்து பார்த்தால் முதலில் கிண்ணம் உடைகிறது. அப்புறம் அக்கா கையை விரித்துக் குறுக்கே வந்து நிற்கிறாள். கடைசியில்தான் அறை விழுகிறது.

"அப்ப எல்லாத்துக்கும் அந்தத் தங்கச்சிதான் காரணமா?"

"லூசு. அடிக்கறது அந்தாளு. காரணம் அவன்தான்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கில் கொட்டை எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிளஸ் டூ முடித்ததும் அக்கா ஓசூர்க் கம்பெனியில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள், அவ்வளவு சுலபமாக. அதற்கும் எரிந்தேன். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது, இனி அம்மா எனக்கு மட்டும்தான் என்று.

மூன்றாம் நாள் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். தண்ணீர்ச் சொம்பைக் கொண்டு வைத்தேன். கொஞ்சம் சிந்தியது. விளாறு எப்போது அவர் கைக்கு வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. அது தோலில் விழுந்தால் முதலில் வலிக்காது, சூடாக இருக்கும். பிறகு உயிர் போகும். அம்மா ஓடி வந்து என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். மடியில் படுக்க வைத்தாள். தலையை நெஞ்சோடு சேர்த்தாள், முந்தானையால் மூடினாள். இத்தனை வருஷம் நான் ஏங்கிக் கிடந்த அதே மடி.

மூடியதும் அம்மாவின் உள்ளங்கை என் வாயை அழுத்திப் பொத்தியது. மூக்கையும் சேர்த்து.

"சத்தம் வரக்கூடாது. சத்தம் கேட்டா மறுபடி எழுந்து வருவாருடி. மூச்" என்றாள் காதோடு. என்னை அமுக்கிப் பிடிக்கத்தான் அவள் முன்னும் பின்னும் ஆடினாள். அவள் கண் வாசலில் இருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

மூச்சு முட்டியது. அந்தக் கையை நறுக்கென்று கடித்துவிட்டேன்.

அம்மா கையை உதறிக்கொண்டாள். பல் பதிந்த இடத்தைப் பார்த்தாள். ரத்தம் துளிர்த்திருந்தது. அவள் திட்டவில்லை. பள்ளிக்கூடத்து மார்க்கைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"உங்கக்கா ஒரு நாளும் கடிச்சதில்ல."

முதுகு அப்படி எரிந்துகொண்டிருக்கும்போதும், சீ, எனக்கு அக்காமேல் பொறாமையாகத்தான் இருந்தது.