ஒரு பாக்ஸ், இரண்டு வீடு

ஆனையூரில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டில், சாயங்காலமானால் ஒரே வசனம் இரண்டு இடத்திலிருந்து கேட்கும். எங்கள் டிவியிலிருந்து ஒரு தடவை, தலைக்கு மேலே தளத்தின் வழியாக மந்தமாக இன்னொரு தடவை. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் இனிப் படம் வராது என்று கேபிள்காரர் சொன்னபோது, மாடியில் இருந்த சௌராஷ்டிரக் குடும்பத்து சாந்தா அக்காவும் அம்மாவும் பேசிவைத்து, செலவைக் குறைக்க ஒரே ஒரு "டப்பா" வாங்கினார்கள். அதை அக்கா வீட்டில் வைத்து, அதிலிருந்து ஒரு வயரை ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்கு இறக்கினார்கள். மாதக் கட்டணம் பாதிப் பாதி. மேலே என்ன ஓடுகிறதோ அதுதான் கீழேயும் ஓடும் என்பது, வயரை இழுத்து முடித்த பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

ரிமோட் மாடியில். தொடரில் யாரோ அழுதுகொண்டிருக்கும்போதே படம் சட்டென்று கிரிக்கெட்டாகிவிடும். அக்காவும் அவர் கணவரும் ரிமோட்டுக்காகத் தங்கள் பாஷையில் சண்டை போடுவது கேட்கும். ஜெயித்தது யார் என்பது படத்தைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். "யக்கா, மாத்தாதீக!" என்று வாசலில் நின்று கத்துவேன். "ஒன் வீட்டுக்கு வந்து பாப்போம்னா, அங்கயும் இந்த மனுசன் கிரிக்கெட்டுதான ஓடுது!" என்பார் அக்கா.

ஒருநாள் அக்கா படியில் நின்று, "ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க மதினி, போட்டுவிடுறேன்" என்றார். "எங்களுக்கு எதுன்னாலும் சரி, நீங்க பாருங்க" என்றாள் அம்மா. நான் வாயைத் திறந்ததும் தொடையில் கிள்ளினாள். படம் மாறினால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். உண்மையிலேயே எதுவானாலும் சரியா, கேட்கக் கூச்சமா, காசு மிச்சமாகிறதே என்று பொறுத்துக்கொண்டாளா, எனக்கு விளங்கியதே இல்லை.

இப்போது அது விளங்கியாக வேண்டும்போல் இருக்கிறது. அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு கேபிளை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். எங்களுக்கும் மகளுக்கும் ஃபோனே போதும். நாங்கள் வேலைக்கும் அவள் பள்ளிக்கும் போனபின் பகலெல்லாம் டிவியோடு இருப்பவர் என் மாமியார்தான். கேட்டேன். "எனக்கென்னத்தா, வெட்டிவிடுங்க. அம்புட்டுக் காசு எதுக்குத் தண்டமா?" என்றார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி கேட்டால் தொந்தரவாகுமோ, கேட்காமல் வெட்டினால் பாவமாகுமோ என்று அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஆனையூர்ல இருந்தப்ப ஒனக்கு எந்தச் சேனல்தாம்மா பிடிக்கும்?"

"சேனலை யாருடி பாத்தா? ஒங்கப்பா லாரியில போனா எப்ப வருவாருன்னு தெரியாது. படம் மாறுச்சுன்னா மேல ஆளு இருக்காகன்னு ஒரு தைரியம்."

"பின்ன எதுக்கு எந்திரிச்சுப் போவ?"

"சோறு வேகணும்ல!"

தெளிவு கேட்டுப் போன எனக்குக் குழப்பம்தான் கூடியது. சாந்தா அக்கா வீடு மாறிப் போய்விட்டார். அந்த வயரும் எப்போதோ அறுந்து போயிற்று. இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு திரை. பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அடுத்தவருக்குத் தெரியாது.

கணவரிடம், இந்த மாதம் இருக்கட்டும் என்றேன். "எங்கம்மாவே வேணாங்குது, ஒனக்கென்ன?" என்றார். என் ஃபோனை ஓரமாக வைத்துவிட்டு மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு தொடர் ஓடியது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இந்தா பச்சச் சேல கட்டியிருக்காளே, இவ நல்லவ இல்லத்தா" என்று முதலிலிருந்து கதை சொல்லத் தொடங்கினார்.